சித்தப்பாவைக் காட்டிக்கொடுத்தது யார்? – சேத்துப்பட்டு காசநோய் மையத்தின் கதை

கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் குரோம்பேட்டையைத் தாண்டியதும் 'தாம்பரம் சானடோரியம்' என்று ஒரு நிறுத்தம் வரும். போன மாதம் பேத்தியுடன் அந்த வழியாகப் போனபோது, "சானடோரியம்னா என்ன தாத்தா?" என்று கேட்டாள். சொன்னேன். "டி.பி.க்கா? அதுக்கு எதுக்கு ஊருக்கு வெளியே போய்ப் படுக்கணும்? மாத்திரை சாப்பிட்டா சரியாயிடுமே" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். ஆனால் 'வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும்' என்பதை உலகத்துக்கு முதலில் நிரூபித்துக் காட்டியது நம்ம சென்னைதான், அதுவும் சேத்துப்பட்டு ஏரிக்கரையில்தான் என்று சொன்னபோது அவள் நம்பவில்லை. உங்களில் பலருக்கும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். நான் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் சளி ஸ்லைடு பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் வீட்டு நோயாளி ஒருவரும் இந்தக் கதையில் வருகிறார். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்தக் காலத்து க்ஷயம்

க்ஷயம், எலும்புருக்கி, காசநோய், டி.பி. என்று எந்தப் பெயரில் சொன்னாலும் அந்த நாளில் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொல்வார்கள். வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால் தட்டு, டம்ளர், பாய் எல்லாம் தனி. பெண்ணுக்கு வந்தால் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், திரும்பக் கூப்பிட மாட்டார்கள். வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருந்தால் விஷயம் வெளியே தெரியவே கூடாது. 1948-ல் புதுமைப்பித்தன் இந்த நோயில்தான் போனார். கணித மேதை ராமானுஜன் 1920-ல், 32 வயதில், சேத்துப்பட்டில் ஒரு வீட்டில் இறந்தபோது அவருக்கும் க்ஷயம் என்றுதான் சொன்னார்கள். அது வேறு நோயாக இருக்கலாம் என்று பிற்கால மருத்துவர்கள் சிலர் சொல்கிறார்கள். அது தனிக் கதை.

மருந்து இல்லாத காலத்தில் நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு, இந்த மூன்றும்தான் வைத்தியம். அதற்காகத்தான் ஊருக்கு வெளியே, மரங்களுக்கு நடுவில் சானடோரியம் கட்டினார்கள். மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ஆரோக்கியவரம் 1915-லேயே வந்துவிட்டது. தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து என்பவர் 1928-ல் ஆரம்பித்தார். ரயில் நிறுத்தத்துக்கு அந்தப் பெயர் வந்தது இப்படித்தான்.

எல்லோருக்கும் அங்கே இடம் கிடைத்ததா என்றால், இல்லை. 1946-ல் வெளிவந்த போர் கமிட்டி அறிக்கை நாட்டில் சுமார் 25 லட்சம் காசநோயாளிகள் என்றும், ஆண்டுக்கு 5 லட்சம் பேர் சாகிறார்கள் என்றும் கணக்குச் சொன்னது. இத்தனை பேருக்கும் சேர்த்து நாட்டிலிருந்த படுக்கைகள் ஏறக்குறைய 6,000. இன்னொரு நூறு வருஷம் சானடோரியம் கட்டிக்கொண்டே போனாலும் தீராத கணக்கு.

அந்த நேரத்தில்தான் மருந்துகள் வந்தன. ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, அடுத்து பி.ஏ.எஸ்., பிறகு 1952-ல் ஐசோனியாசிட். ஐசோனியாசிட் விலை குறைவு, வாயால் சாப்பிடும் மாத்திரை. அப்போதுதான் ஒரு கேள்வி எழுந்தது. மாத்திரைதான் நோயைக் குணப்படுத்துகிறது என்றால், படுக்கை எதற்கு? வீட்டிலேயே கொடுத்தால் என்ன?

கேட்கச் சுலபமாக இருக்கிறது. பெரிய டாக்டர்களே பயந்தார்கள். பத்துக்குப் பத்து குடிசை, அதில் ஏழு பேர், அரைவயிற்றுக் கஞ்சி, ஓய்வு கிடையாது. அங்கே மருந்து வேலை செய்யுமா? நோயாளி வீட்டிலேயே இருந்தால் குழந்தைகளுக்கு ஒட்டிக்கொள்ளாதா? அபிப்பிராயம் ஆளுக்கு ஒன்றாக இருந்தது. ஆதாரம் யாரிடமும் இல்லை.

நாலு பேர் சேர்ந்து தொடங்கிய மையம்

1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் 'காசநோய் மருந்துச் சிகிச்சை மையம்' ஒன்றைத் தொடங்கின. ஸ்பர் டாங்க் ரோட்டில், ஐந்து வருஷத் திட்டமாக. லண்டனிலிருந்து வந்த டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் 1961 வரை இங்கே இருந்து வழிநடத்தினார். ஐந்து வருஷத்தில் மூட வேண்டிய அந்த மையம்தான் இன்று அதே இடத்தில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது.

முதல் ஆராய்ச்சி இதுதான். சென்னை நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேர், சளியில் கிருமி உள்ளவர்கள். ஒரு பாதிப் பேரை சானடோரியத்தில் சேர்ப்பது, மறுபாதிப் பேரை அவரவர் வீட்டிலேயே வைத்துப் பார்ப்பது. இரண்டு பக்கமும் அதே மருந்து, ஐசோனியாசிடும் பி.ஏ.எஸ்.ஸும், ஒரு வருஷத்துக்கு.

இதில் யாரை எங்கே அனுப்புவது என்பதை டாக்டர் முடிவு செய்யக் கூடாது. ஏனென்றால் டாக்டரும் மனுஷன்தான். ரொம்ப மோசமாக இருப்பவரைப் பார்த்தால் 'பாவம், இவரைப் படுக்கையில் போடலாம்' என்று கை தானாகவே எழுதிவிடும். அப்படிச் செய்தால் சானடோரியத்தில் மோசமான நோயாளிகள் சேர்ந்துவிடுவார்கள். கடைசியில் ஒப்பிட்டுப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆகவே சீட்டுக் குலுக்குவது மாதிரி, எண் பட்டியலை வைத்து ஒதுக்கினார்கள். பிரிட்டனில் 1948-ல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆராய்ச்சியில் கையாண்ட முறைதான் இது.

ஆராய்ச்சி என்றால் டாக்டர் மட்டுமா?

மருத்துவ ஆராய்ச்சி என்றதும் நமக்கு வெள்ளைக் கோட்டு போட்ட டாக்டர் ஒருவர்தான் ஞாபகத்துக்கு வருவார். உள்ளே இருந்து பார்த்தவன் சொல்கிறேன், டாக்டர் நோயாளியைப் பார்ப்பது பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷம் ஆராய்ச்சியாக மாற வேண்டுமென்றால் அவருக்குப் பின்னால் ஒரு கூட்டமே வேலை செய்ய வேண்டும்.

முதலில் ஆய்வகம். நோயாளி குணமாகிவிட்டாரா என்பதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. சளியில் கிருமி இருக்கிறதா இல்லையா என்பதுதான் சாட்சி. ஸ்லைடில் தெரியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் அதை வளர்த்துத்தான் பார்க்க வேண்டும். அதற்குக் கோழிமுட்டை வேண்டும். முட்டையை உடைத்து, கலக்கி, வடிகட்டி, உப்புகளும் மலகைட் பச்சை என்ற சாயமும் சேர்த்து, பாட்டிலைச் சாய்த்துவைத்துச் சூடுபடுத்தினால் வெளிர்பச்சை நிறத்தில் இறுகி நிற்கும். அதன்மேல் சளியைச் சுத்தம் செய்து விட்டு, 37 டிகிரியில் வைக்க வேண்டும். காசநோய்க் கிருமி ரொம்ப சோம்பேறி. எட்டு வாரம் காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் 'இல்லை' என்று எழுதலாம். அந்த எட்டு வாரத்தில் பெட்டியின் சூடு இறங்கினாலோ, ஒரு நம்பரை மாற்றி எழுதினாலோ, முந்தின பாட்டிலின் கிருமி அடுத்ததில் விழுந்தாலோ அத்தனையும் வீண்.

இதையெல்லாம் செய்தவர்கள் ஆய்வக உதவியாளர்கள். பாட்டில் கழுவியவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சரியாகக் கழுவாத ஒரு பாட்டில், குணமான ஒருவரை நோயாளி என்று சொல்லிவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் மேலதிகாரி என்னை முதல் மாதம் முழுவதும் பாட்டில் கழுவத்தான் விட்டார். கோபமாக வந்தது. பிறகுதான் புரிந்தது.

அடுத்து எக்ஸ்ரே. படம் எடுப்பவர் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி எடுத்தால்தான் போன மாதப் படத்தோடு ஒப்பிட முடியும். எந்த நோயாளி வீட்டில் இருந்தவர், எவர் சானடோரியத்தில் இருந்தவர் என்பது தெரியாத ஒரு வெளி நிபுணர்தான் அந்தப் படங்களைப் பார்த்துக் கருத்து எழுதினார். தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு.

அப்புறம் புள்ளிவிவரப் பிரிவும் குமாஸ்தாக்களும். கம்ப்யூட்டர் இல்லாத காலம். ஒரு நோயாளிக்கு ஒரு வருஷத்தில் எத்தனை சளிப் பரிசோதனை, எத்தனை எக்ஸ்ரே, எத்தனை முறை எடை என்று கணக்குப் பாருங்கள். அவ்வளவையும் கையால் எழுதி, சரிபார்த்து, தேதி தவறாமல் அடுக்கி வைக்க வேண்டும். வராமல் போன நோயாளியின் பெயரை அன்றைக்கே எடுத்துக் கொடுப்பதும் அவர்கள் வேலைதான்.

அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கியவர்கள் ஹெல்த் விசிட்டர்கள், பெரும்பாலும் பெண்கள். இந்த ஆராய்ச்சிக்கு உயிர் கொடுத்தவர்கள் அவர்கள்தான் என்பேன். சானடோரியத்தில் நர்ஸ் கண்ணெதிரே மருந்து கொடுத்துவிடுவார். வீட்டில் இருப்பவர் வாரம் ஒரு முறை மையத்துக்கு வந்து மருந்து வாங்கிப் போவார். அதை வாயில் போட்டாரா, சாக்கடையில் போட்டாரா என்று யாருக்குத் தெரியும்? அதற்காகத்தான் இவர்கள் முன்னால் சொல்லாமல் திடீரென்று வீட்டுக்குப் போவார்கள். மாத்திரையை எண்ணுவார்கள். ஒரு பாட்டிலில் சிறுநீர் வாங்கிக்கொண்டு போவார்கள்.

இங்கேதான் எங்கள் சித்தப்பா வருகிறார்.

வண்ணாரப்பேட்டையில் ஒரு துரோகம்

1962 என்று நினைவு. எனக்குப் பன்னிரண்டு வயது. வண்ணாரப்பேட்டையில் ஒண்டுக்குடித்தன வீடு. சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகி இரண்டு வருஷம். பிரஸ்ஸில் அச்சுக்கோர்க்கும் வேலை. இருமல் விடவில்லை, ஒருநாள் ரத்தம் வந்தது. சேத்துப்பட்டுக்கு அழைத்துப் போனார்கள். வீட்டில் வைத்தே பார்க்கலாம் என்று சொன்னதும் பாட்டி கையெடுத்துக் கும்பிட்டாள். சானடோரியத்துக்கு அனுப்பிவிடுவார்களோ என்றுதான் அவளுக்குப் பயம். அங்கே போனவர்கள் திரும்ப மாட்டார்கள் என்பது அவள் நம்பிக்கை.

பி.ஏ.எஸ். மருந்து இப்போது அபூர்வமாகத்தான் பார்க்கக் கிடைக்கும். ஒரு நாளைக்குப் பத்து கிராம் வரை சாப்பிட வேண்டும். பெரிது பெரிதாக இருக்கும். வயிற்றைப் பிரட்டும். சித்தப்பா முதல் இரண்டு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டார். இருமல் நின்றது, உடம்பு தேறியது. அதன் பிறகு ஆரம்பித்தது வினை. ஒருநாள் சாயந்திரம் பின்கட்டுக்குப் போனேன். சித்தப்பா கைநிறைய மாத்திரையைச் சாக்கடையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும், "டேய், யார்கிட்டயும் சொல்லக் கூடாது. உனக்கு சினிமாவுக்குக் காசு தரேன்" என்றார். நான் சொல்லவில்லை. பாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. சினிமாவும் பார்த்தேன்.

ஒரு வாரம் கழித்து ஹெல்த் விசிட்டர் அம்மா வந்தார். வெள்ளைப் புடவை, கறுப்புக் குடை, தோளில் ஒரு பை. பாட்டி "வாம்மா, உள்ள வா" என்று பாய் போட்டாள். அவர் மாத்திரையை எண்ணினார். சித்தப்பா கெட்டிக்காரர், கணக்கு சரியாகத்தான் இருந்தது. "மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்க இல்ல?" என்று கேட்டார். "ஒரு வேளை விடறதில்லைங்கம்மா" என்றார் சித்தப்பா. "சரி, கொஞ்சம் யூரின் குடுங்க" என்று பாட்டிலை நீட்டினார். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, என் தலையைத் தடவி, "நல்லா படிக்கிறியா தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் மருந்து வாங்கப் போன சித்தப்பா முகம் இருண்டு திரும்பி வந்தார். டாக்டர் நேராகவே கேட்டாராம், "மருந்தை ஏன் விட்டீங்க?" என்று. திட்டவில்லையாம். பாதியில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிப்போய்விடும், அப்புறம் எந்த மருந்தும் கேட்காது, வீட்டில் இருக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அதே கிருமிதான் போகும் என்று எடுத்துச் சொன்னாராம். சித்தி அப்போது முழுகாமல் இருந்தாள்.

சித்தப்பாவுக்கு ஒரே ஒரு முடிவுதான் தோன்றியது. பார்த்தவன் நான் ஒருவன்தான். அந்த அம்மா என் தலையைத் தடவினதையும் அவர் பார்த்திருக்கிறார். ஆகவே நான்தான் காட்டிக்கொடுத்தேன். "காசையும் வாங்கிக்கிட்டு இப்படிப் பண்ணிட்டியேடா" என்றார். நான் அழுது சத்தியம் செய்தேன். நம்பவில்லை. ஒரு மாதம் என்னுடன் பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து மாத்திரையைச் சாக்கடையில் போடவும் இல்லை. அந்த அம்மா அதற்குப் பிறகு அடிக்கடி வந்தார். சில நாள் பாட்டி கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே, சித்தப்பா கடைசி மாத்திரையை விழுங்கும் வரை உட்கார்ந்திருப்பார்.

ஆராய்ச்சி சொன்ன பதில்

நாங்கள் வண்ணாரப்பேட்டையில் இந்தச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, சேத்துப்பட்டின் முதல் ஆராய்ச்சி முடிவு உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்திருந்தது. 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் தொண்ணூறு பக்கங்களுக்கு மேல் நீண்ட கட்டுரையாக அது வெளிவந்தது. ஒரு வருஷ முடிவில், சானடோரியத்தில் இருந்தவர்களில் நூற்றுக்கு 92 பேருக்கும், வீட்டில் இருந்தவர்களில் நூற்றுக்கு 86 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. அத்தனை வறுமையிலும், நெருக்கடியிலும், வித்தியாசம் அவ்வளவுதான். ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்தபோது அந்த வித்தியாசமும் போய்விட்டது. இரண்டு பக்கமும் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் நன்றாக இருந்தார்கள்.

சாப்பாட்டையும் அளந்து பார்த்தார்கள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு நன்றாக இருந்தது, ஓய்வும் இருந்தது, எடையும் அதிகம் கூடியது. வீட்டில் இருந்தவர்கள் குறைவாகத்தான் சாப்பிட்டார்கள், வேலைக்கும் போனார்கள். ஆனாலும் கிருமி போவதில் பெரிய மாற்றம் இல்லை. நல்ல சாப்பாடு வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. சாப்பாடு கிடைக்காதவனுக்கும் மருந்து வேலை செய்யும் என்று அர்த்தம். ஏழைக்கு இதைவிட நல்ல செய்தி வேறு என்ன இருக்க முடியும்?

வீட்டில் மற்றவர்களுக்கு ஒட்டுமா என்ற கேள்விக்கும் பதில் கிடைத்தது. இரண்டு வகை நோயாளிகளின் குடும்பங்களையும் தொடர்ந்து பரிசோதித்தார்கள். வீட்டில் வைத்துப் பார்த்த நோயாளிகளின் குடும்பத்தில் நோய் அதிகமாகவில்லை. தொற்ற வேண்டியதெல்லாம் நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே தொற்றிவிடுகிறது, மருந்து ஆரம்பித்த பிறகு அபாயம் குறைந்துவிடுகிறது என்பது தெரிந்தது. எங்கள் பாட்டி தனியாக வைத்திருந்த தட்டும் டம்ளரும் எதையும் தடுக்கவில்லை, சித்தப்பாவின் மனசை நோகடித்ததைத் தவிர.

1962-ல் தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை நம்பித்தான் போடப்பட்டது. படுக்கை கிடைக்கும்வரை காத்திருந்து சாக வேண்டிய நிலைமை மாறியது. வேறு நாடுகளும் இந்த வழிக்கு வந்தன. பெண்டாட்டி பிள்ளையை விட்டு ஒரு வருஷம் பிரிந்திருக்க வேண்டாம், கூலி போகாது, ஊருக்கும் தெரியாது.

அந்தப் பாட்டில் செய்த இன்னொரு காரியம்

மருந்து விழுங்காத சித்தப்பாக்கள் ஊரெல்லாம் இருந்தார்கள் என்பதையும் இதே வீட்டு விசிட்டுகள்தான் காட்டின. டாக்டர் ஃபாக்ஸ் 1958-லேயே இதைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். நோயாளியைத் திட்டிப் பயனில்லை, உடம்பு தேறியதும் மருந்தை விடுவது மனித சுபாவம், அதற்கேற்றபடி சிகிச்சையைத்தான் மாற்ற வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து வளர்ந்தது. தினமும் வீட்டில் சாப்பிடுவதற்குப் பதில் வாரம் இரண்டு நாள் மையத்துக்கு வந்து, ஊழியர் கண்ணெதிரே ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் ஐசோனியாசிடும் எடுத்துக்கொண்டால் போதுமா என்று சேத்துப்பட்டிலேயே சோதித்தார்கள். 1964-ல் முடிவு வந்தது. நன்றாகவே வேலை செய்தது. பிற்காலத்தில் 'டாட்ஸ்' என்ற பெயரில் உலகமெல்லாம் போனதே, நம் ஊர் சுகாதார நிலையங்களிலும் 1997-க்குப் பிறகு வந்ததே, அந்த முறைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

ஒரு கசப்பான பாடமும் உண்டு. ஐசோனியாசிட் மட்டும் தனியாகக் கொடுத்தால் மலிவாக முடியுமே என்று 1960 வாக்கில் சோதித்தார்கள். இரண்டு மருந்து சேர்ந்து செய்த அளவுக்கு அது செய்யவில்லை. சிலருக்குக் கிருமி மருந்துக்குப் பழகிப்போனது. ஆராய்ச்சியில் சேர்ந்த நோயாளி எதைப் பணயம் வைக்கிறார் என்பதை இது காட்டும். அந்த நாளில் இன்றைக்கு இருப்பது போல எழுத்து மூலமான ஒப்புதல் விதிகள் கிடையாது. 1964-ல் ஹெல்சின்கி பிரகடனம், 1980-ல் நம் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறை, 2019-ல் புதிய விதிகள் என்று படிப்படியாகத்தான் வந்தது.

இப்போது பெரிய மருத்துவமனைகளில் ஆராய்ச்சிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ஒருங்கிணைப்பாளர், ஆராய்ச்சி நர்ஸ், மருந்துக் கணக்கு வைப்பவர், ரத்த மாதிரியை மைனஸ் 80 டிகிரியில் காக்கும் ஃப்ரீசர், நெறிமுறைக் குழு, அதில் டாக்டர் அல்லாத பொதுமக்களில் ஒருவர். நம் வயசுக்காரர்களை இப்போது அடிக்கடி 'ஒரு ஸ்டடியில் சேருகிறீர்களா' என்று கேட்கிறார்கள். கேட்டால் பயந்து ஓடாதீர்கள், கேட்காமல் கையெழுத்தும் போடாதீர்கள். நெறிமுறைக் குழு அனுமதி இருக்கிறதா, நடுவில் விலகினால் என் சிகிச்சை பாதிக்குமா, கெடுதல் வந்தால் யார் பொறுப்பு, இந்த மூன்றையும் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

காட்டிக்கொடுத்தது யார்?

சுமார் பத்து வருஷம் கழித்து, நான் ஆய்வகப் பயிற்சியில் இருந்தபோது, ஒரு நாள் ஆசிரியர் இரண்டு சோதனைக் குழாயில் சிறுநீரை ஊற்றி, இரண்டிலும் ஃபெரிக் குளோரைடு சில சொட்டு விட்டார். ஒன்று சும்மா இருந்தது. இன்னொன்று சிவப்பும் ஊதாவும் கலந்த நிறமாக மாறியது. "பி.ஏ.எஸ். சாப்பிட்டவருக்கு இப்படி நிறம் மாறும். சாப்பிடாதவருக்கு மாறாது" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே பின்கட்டுச் சாக்கடை ஞாபகம் வந்துவிட்டது.

அன்று சாயந்திரமே வண்ணாரப்பேட்டைக்குப் போனேன். சித்தப்பா பிரஸ்ஸிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். பையன் பள்ளிக்கூடப் பாடம் படித்துக்கொண்டிருந்தான். "சித்தப்பா, நான் சொல்லலை. உங்க யூரின்தான் சொல்லிடுச்சு" என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சிரித்தார். "அந்த அம்மா அன்னைக்கே தெரிஞ்சுக்கிட்டுத்தான் போனாங்களா! ஒரு வார்த்தை கேக்கலியேடா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அவங்க பேரு என்னன்னுகூட நான் கேட்டதில்லை" என்றார்.

எங்கள் வீட்டில் யாருக்குமே அவர் பெயர் தெரியாது. 1959-ல் வந்த அந்தப் பெரிய கட்டுரையின் தலைப்பில்கூட ஆசிரியர் என்று தனி ஆள் பெயர் கிடையாது. 'காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், சென்னை' என்றுதான் இருக்கிறது. டாக்டரிலிருந்து பாட்டில் கழுவியவர் வரை எல்லோரும் அந்த ஒரு பெயருக்குள் இருக்கிறார்கள். அது சரியாகத்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

சித்தப்பா எழுபத்தெட்டு வயது வரை இருந்தார். நுரையீரலால் சாகவில்லை.

உங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு குடைக்கார அம்மா வந்திருந்தால், அவர் பெயர் உங்களுக்காவது ஞாபகம் இருக்கிறதா என்று ஒரு முறை யோசித்துப் பாருங்கள்.